வேதாசலம் வாங்கியாந்த முள்ளு

நடக்காதன்னாரும்மா! என் வூட்டு ஹால்ல நான் நடக்கக் கூடாதாம்! இன்னா அநியாயம், நீயே சொல்லு. உள்ள வா பானு. மாடிக்குக் குடி வந்து இத்தினி நாளாவுது, ஒரு நாளாவது நாம உக்காந்து பேசிகினோமா? உக்காரு.

எங்க வூட்டுக்காரரு வேதாசலம் கீறாரே... ஐயோ, பேரச் சொல்லிட்டேனா? கோவத்துல வந்துடுச்சி. அவருக்கு ரெக்கார்டு பிளேயருன்னா உசுரு. தாம்பரமே டேப் ரெக்கார்டருக்கு மாறிப்போச்சி, இவரு மட்டும் அந்தக் கருப்புத் தட்டத் தொடச்சிகினு கெடப்பாரு.

முன்ன அதுல கிரிஸ்டல் கார்ட்ரிஜ் இருந்துச்சி. முள்ளு மாட்டற தலை கீதே, அதுக்குப் பேரு அதான். நல்லா கனமா உக்காரும். சத்தம்னா சத்தம்! நான் மிக்ஸி போட்டாலும், கொழாயத் தொறந்துவுட்டாலும் பாட்டு சமையக்கட்டுக்கு வந்துடும். எனக்கு அதான் வோணும். நான் இன்னா நாற்காலி போட்டு உக்காந்தா கேக்கறேன்? வெங்காயம் அரிஞ்சிகினு கேக்கறேன்.

இவருக்கு அது ஆவல. "தட்ட உழுது தள்ளுது தனம், குரலு கரகரங்குது"ன்னு ரேடியோ சாமான் விக்கற ரிச்சி தெருவுக்குப் போயி, மேக்னெட்டிக் தலையாம், ஒண்ணு வாங்கியாந்தாரு. அதுக்கு சத்தம் கம்மி, அத்தத் தூக்கிவுட தனியா ஒரு பொட்டி வேற. அது தட்டு மேல பஞ்சாட்டம் நிக்குது. நான் ஒரு எட்டு வச்சா முள்ளு எகிறுது! நானும் ஒண்ணும் ஒல்லி இல்ல, வச்சிக்கோ... அதுக்குன்னு? மிக்ஸி கூடாது, ஃபேனு கூடாது. மே மாசம்மா! தும்மறதுக்குக்கூட தோட்டத்துக்குப் போனேன்.

ஒரு நாளு தபால்காரரு வந்தாருன்னு கதவு தொறக்கப் போறேன், இவரு கண்ண மூடிகினே கையக் காட்டறாரு, போலீஸ்காரன் லாரிய நிறுத்தறாப்பல! வந்துச்சி பாரு ஆத்திரம். "நீயும் உன் முள்ளும் குடித்தனம் பண்ணுங்க"ன்னு பைய எடுத்துகினு கூடுவாஞ்சேரி போயிட்டேன், அக்கா செல்லியம்மா வூட்டுக்கு. அங்க திம்முதிம்முனு நடந்தேன், ஆசை தீர! அக்கா பயந்துபோயி, "இன்னாடி தனக்கோடி, காலு மரத்துப்போச்சா?"ன்னா.

ஒரு வாரம் கழிச்சி வந்தாரு. வாசல்லயே நிக்கறாரு, சட்டையில பட்டன் இல்ல. "இன்னா, பாட்டு நல்லா கேக்குதா?"ன்னேன்.

"ஒண்ணும் போடல தனம்."

"ஏன்? அதான் நடக்கறதுக்கு ஆளு இல்லியே!"

"போட்டேன்... ரெண்டு வரி வந்துச்சி. அப்புறம் நீ எங்கியாவது நடக்கறியான்னு சமையக்கட்டுப் பக்கமே காத வச்சிகினு இருந்தேன். பாட்ட வுட்டுட்டேன்."

எனக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சி. ஒடனே கெளம்பல, அது வேற. சோறு போட்டு, ரசம் ஊத்தி, பட்டனத் தெச்சி, அப்புறந்தான்.

அப்பால ரிச்சி தெருவுக்கு ரெண்டு பேருமா போனோம். கடைக்காரரு, "உங்களுக்கு எந்த மாதிரி சவுண்டு வேணும்மா?"ன்னு என்னாண்ட கேட்டாரு. கல்யாணம் ஆனதுலருந்து என்னாண்ட யாரும் இத்தக் கேக்கல பானு. "சமையக்கட்டு வரிக்கும் வரணும்"னேன். மறுபடி ஒரு கிரிஸ்டலு குடுத்தாரு. தலையோட கழட்டி மாத்திக்கலாம். காலையில என்னுது, சாயங்காலம் அவருது. அதோட முடிஞ்சிருக்கணும்ல?

போன வெள்ளிக்கிழமை அவரு தன்னோடதக் கழட்டாம வெளிய போயிட்டாரு. எனக்கு மாத்தத் தெரியல. சரின்னு அதுலயே என் அம்மன் பாட்டப் போட்டேன். சத்தம் பத்தல, கிட்டப் போயி உக்காந்தேன். பானு... ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி அந்தப் பாடற பொம்பள மூச்சு இழுக்குதும்மா! எத்தினி வருசமா கேக்கறேன், அந்தப் பாட்டுக்குள்ள ஒரு ஆளு மூச்சு வுட்டுகினு கீதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. பருப்பு தீஞ்சி வூடெல்லாம் பொகை. நான் எழுந்துக்கவே இல்ல.

அதான்மா... உன்னக் கூப்ட்டது. தப்பா நெனச்சிக்காத. மேல உரல்ல மசாலா இடிக்கறியே, டொம்மு டொம்முனு... அந்த நேரம் பாத்துத்தான் நான் இங்க... கொஞ்சம் முன்னப்பின்ன வச்சிகினா... இன்னா எழுந்துட்ட? காப்பி குடிச்சிட்டுப் போயேன். பானு! ஏம்மா பானு! படியில மெதுவா ஏறும்மா, தட்டு ஓடிகினு கீது!