வசனம் இல்லாத நாடகத்துக்கு ஒரு வரி

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் பனியன் கம்பெனி அடையாள அட்டையோடு ஓர் இளைஞனும் பெண்ணும் இருந்தார்கள்.

“நம்ம நாடகத்துக்கு எழுதி வெச்ச வசனமே கிடையாதுன்னு முன்னாடியே சொல்லீரலாமுங்க,” என்றாள் அவள். “போன தடவை சொல்லாம மேடை ஏறினோம். வசனத்தை மறந்துட்டோம்னு பாவப்பட்டு, நம்ம செக்கிங் செக்‌ஷன் அக்காங்க கீழயிருந்தே எடுத்துக் குடுத்தாங்க.”

“அதுக்கு முந்தின தடவை நான் விளக்கமா சொன்னேனுங்க. அதுதான் நிகழ்ச்சின்னு கைதட்டி அனுப்பீட்டாங்க,” என்றான் அவன். “இந்த ஆயுத பூஜைக்கும் சொதப்புனா இனி மேடை தரமாட்டாங்க.”

அவள் யோசித்தாள். “ஒரே வரி போதுமுங்க. ‘கதையை இப்பத்தான் உண்டாக்கப் போறோம், நாங்க முழிச்சா நீங்க எடுத்துக் குடுங்க.’”

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பெண் குனிந்து கேட்டாள்: “எந்தக் கம்பெனிங்க? வெளியாளுங்க வரலாமுங்களா?”