பெனிட்டாவின் இரண்டடி மூக்கு

அக்காமாரே, அண்ணன்மாரே... ஒரு சின்னக் கதை இருக்கு. கேக்குறீங்களா?

எங்க தெருவுல ஆட்டோ ஓட்டுற சந்தனராஜ் மாமாவுக்கு ஒரே மக, பெனிட்டா. பதினோரு வயசு. நல்லாப் பாடுவா. லோக்கல் கேபிள் டிவி பாட்டுப் போட்டியில இறுதிச் சுற்றுக்கு வந்துட்டா. மாமாவுக்குக் கால் தரையில நிக்கல.

"முகூர்த்த நாள் வருது, பிளக்ஸ் கடையில கூட்டமாயிரும். இப்பவே அடிச்சிருவோம்!"

அடிச்சாரு... போட்டிக்கு முந்தின நாளே! பஸ் ஸ்டாப்புல இருபதடி பேனர். 'தங்கக்குரல் பட்டம் வென்ற எங்கள் செல்லமே!' அதுல அவ மூக்கு மட்டும் இரண்டடி.

மறுநாள் என்னாச்சு? இரண்டாவது சரணம் மறந்துபோச்சு. பிள்ளை மேடையிலேயே அழுதுட்டா. டிவிக்காரங்க என்ன செஞ்சாங்க? அவ பாடினத விட்டுட்டாங்க. அழுததை மட்டும் மூணு தடவை, மெதுவா ஓட விட்டாங்க. பின்னாடி வயலின் வேற!

நாலு நாளா அவ பள்ளிக்கூடம் போகல. "அப்பா, அந்த பேனருக்குக் கீழ நான் எப்படிப்பா நடப்பேன்?"

மாமாவே ஆட்டோவ அந்தப் பக்கம் விடுறதில்ல. அஞ்சாம் நாள் விடியக்காலம் பேனரைக் கழட்டி எரிக்கப் போனாரு. இட்லிக்கடை லூர்து அக்கா ஓடி வந்தாங்க.

"ஏண்ணே, எரிக்கவா போறீரு? என் கடை ஒழுகுது, இங்க குடும்!"

வாங்கி, படம் உள்பக்கமா இருக்க, கூரையாக் கட்டிட்டாங்க.

சாயங்காலம் பிடிச்சது பாருங்க மழை... சட்னி வாங்க வந்த பெனிட்டா அண்ணாந்து பாத்தா. மேலே அவ முகம்! கீழே எட்டுப் பேர், நனையாம. ஒரு மீன்காரத் தாத்தா சொன்னாரு:

"ஏட்டி, உன் மூக்குக்குக் கீழதான் நிக்கேன். சொட்டுத் தண்ணி விழல!"

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சவ, பாடவும் செஞ்சா. இரண்டாவது சரணம்... மறுபடியும் மறந்துட்டா!

"ம்ம்ம்னு இழுத்து விடுட்டி," சொன்னாங்க லூர்து அக்கா. "இங்க மார்க்கு கிடையாது, வடை உண்டு!"

மறுநாள் பள்ளிக்கூடம் போனா.

ஏன் சொல்றேன்? பேனர்ல இருந்தப்பவும் அதே முகம்தான்... கூரையில இருந்தப்பவும் அதே முகம்தான், ஆனா அங்கதான் எட்டுப் பேர நனையாமக் காத்துச்சு. ஊரே நம்மளப் பாக்கணும்னு நின்னோம்னா, தோத்த அன்னைக்கு ஒளியத்தான் இடம் தேடுவோம். உங்க பிள்ளை ஜெயிச்சா கை தட்டுங்க. தோத்தா? வயலின் வாசிக்காதீங்க... ஒரு வடை வாங்கிக் குடுங்க!