வாத்தியம் இல்லாத நாடகம்

– எல்லாருமா?

– எல்லாருமேதான் நெரிஸ் ஆன்ட்டி. கை தூக்கச் சொன்னேன். ஒரு கை கூட கீழ இல்ல. 'தேன்கூடு'தான் வேணுமாம்.

– எம்லின், பாத்தியா இந்தக் கூத்த. நீயும் நானும் கோடை பூரா உக்காந்து படிச்சு, இந்தப் பசங்களுக்காக மூணு மியூசிக்கல் நாடகம் பொறுக்கி எடுத்து வச்சோம். 'டிராம் ராணி', 'பனிக்கால சர்க்கஸ்', 'மூணு மாப்பிள்ளை'. அதுல ஒண்ணையும் தொடல. எங்கிருந்தோ நாலாவதா ஒண்ண இழுத்துட்டு வந்து நிக்கறாங்க.

– சரிதான் விடு நெரிஸ். நாம குடுக்கற மருந்து பசங்களுக்கு என்னிக்கு இனிச்சிருக்கு. காட்ரின், இப்படி என் பக்கம் திரும்பிச் சொல்லு. என்ன கதை அது?

– தேனீ வளக்கற ஒரு குடும்பம் மாமா. அப்பா செத்துப் போயிடறார். கூட்டையெல்லாம் வித்துடலாமா வேணாமான்னு பிள்ளைங்களுக்குள்ள சண்டை. பாட்டு நிறைய இருக்கு. நாலு குரலா, அஞ்சு குரலா பிரிஞ்சு பாடணும். தேனீ இரைச்சல் கூட நாங்களே வாயால போடணும்.

– கேக்கவே நல்லாருக்கே. இந்த வேல்ஸ்ல பாடற வாய்க்கு என்ன பஞ்சம். பியானோ எப்படி, விரலை ஒடிக்குமா?

– பியானோ இல்ல மாமா.

– அப்ப ஆர்கனா?

– எதுவுமே இல்ல. வாத்தியமே கிடையாது. முழுக்க முழுக்கக் குரல்தான்.

– ஓ. அப்படியா.

– காட்ரின், நில்லு. நீ என்ன பேசறேன்னு புரிஞ்சுதான் பேசறியா? இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்தச் சேப்பல் ஹால்ல பியானோவுல உக்காந்திருக்கறது யாரு?

– எம்லின் மாமா.

– உனக்குச் சுதி பிடிக்கக் கத்துக் குடுத்தது?

– மாமாதான்.

– உன் பல்லுக்குக் கம்பி கட்டினது?

– அதுவும் மாமாதான் ஆன்ட்டி.

– அந்தப் பல்லு இன்னிக்கும் வரிசையா நிக்குது பாரு நெரிஸ். இந்தக் கூட்டத்துல என் சொல்பேச்சு கேட்டது அது ஒண்ணுதான் போல.

– நீ சிரிச்சு மழுப்பாத எம்லின். எனக்கு வயிறு எரியுது. ஏன்டி, வாத்தியமே இல்லாத நாடகத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்தா அதுக்கு என்ன அர்த்தம்? மனுஷனை வெளிய போன்னு சொல்றதுக்கு இதுவா வழி?

– அப்படி இல்ல ஆன்ட்டி. சத்தியமா அப்படி இல்ல.

– பின்ன எப்படி?

– புதுசா ஒண்ணு பண்ணலாம்னுதான். செலவும் கம்மி ஆகும்.

– செலவா. சம்பளம் வாங்காம வாசிக்கறவனால என்னடி செலவு?

– நெரிஸ், போதும். அவளை விடு. பசங்களோட குழு, பசங்களோட ஓட்டு. நாம போட்ட சட்டம்தானே. நான் போய் டீ போடறேன். பாரா பிரித் பழ ரொட்டி கொண்டாந்திருக்கேன், அதையும் வெட்டி எடுத்துட்டு வரேன். மூணு பேருக்குத்தானே.

– எம்லின், உக்காரு. இத முடிச்சுட்டுப் போ. எம்லின்! போறான் பாரு, திரும்பிக் கூடப் பாக்காம. அவ்ளோ மனசு உடைஞ்சு போச்சு. திருப்தியா காட்ரின்?

– ஆன்ட்டி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

– மெதுவா பேசு. அடுப்படி பக்கத்துலதான் இருக்கு. அவன் காதுல விழும்.

– விழாது ஆன்ட்டி.

– கதவு திறந்துதான் இருக்கு.

– திறந்திருந்தாலும் விழாது. இப்ப நீங்க கூப்பிட்டதும் விழல. மாமாவுக்குக் காது கேக்கல.

– என்ன உளர்றே. இப்பதானே நம்மகூட உக்காந்து பேசிட்டுப் போனான்.

– வாயைப் பாத்துப் பேசினார். எப்பவும் நம்ம வாயையே பாக்கறார் இல்ல? பல் டாக்டரா இருந்தவர், அந்தப் பழக்கம்னு நாங்க கூட ரொம்ப நாள் நெனச்சோம். சில பேரு கிண்டல் கூடப் பண்ணியிருக்கோம்.

– இல்ல. இல்ல காட்ரின். மார்ச் மாசம் 'கப்பல் சமையல்காரி' போட்டோம். மூணு நாளும் நான் ஹால் பின்னாடி விளக்குப் பக்கம் நின்னேன். அவன் வாசிச்சதுல ஒரு சுரம் தப்பல. காது கேக்காதவன் அப்படி வாசிப்பானா?

– அதுக்கு முன்னாடி ஒத்திகையில நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை நீங்க வரல. உங்க பியூட்டி பார்லர்ல கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம்னு சொன்னீங்க.

– ஆமா. கார்டிஃப்லேருந்து வந்த பொண்ணு. சரி, என்ன நடந்தது?

– அன்னைக்குச் சின்னப் பசங்க விளையாட்டா, பியானோவுக்குப் பதிலா மாமா வாசிக்கற கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டி வச்சுட்டாங்க. அதுல நாய் குலைக்கற சத்தம் இருக்கு ஆன்ட்டி. எந்தக் கட்டையத் தொட்டாலும் நாய் குலைக்கும். மாமா உக்காந்தவுடனே பதறிப் போவாரு, சிரிக்கலாம்னு காத்துட்டிருந்தாங்க.

– சரி.

– மாமா உக்காந்தாரு. நாடகத்துக் கடைசியில அந்தத் தாய் பாடற ஒப்பாரி இருக்கில்ல, அதை எடுத்தாரு. கண்ணை மூடிட்டாரு. முழுப் பாட்டையும் வாசிச்சாரு. முழுக்க நாய்ச் சத்தத்துல.

– ஆண்டவா.

– முதல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும்தான். அவரு நிறுத்தவே இல்ல. ரெண்டாவது சரணத்துல சிரிப்பு நின்னு போச்சு. முடிச்சுட்டுக் கண்ணைத் தொறந்து, 'இந்த இடத்துல இவ்வளவு துக்கம் இருக்கணும், தெரியுதா'ன்னு கேட்டாரு. அவரு கண்ணுல தண்ணி. பட்டன் தட்டின சின்னப் பையன் வாந்தி எடுத்துட்டான்.

– என்கிட்ட ஏன்டி சொல்லல?

– உங்ககிட்ட சொன்னா நீங்க அவருகிட்ட சொல்லுவீங்க. நாடகத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவரு இல்லாம நாங்க எப்படி... எங்களுக்கு அவரை நிறுத்தணும்னு தோணவே இல்ல ஆன்ட்டி. அவரு அங்க உக்காந்திருக்கணும்னுதான் தோணிச்சு.

– அப்ப நான் கேட்டது என்ன? மூணு நாளும் அந்த ஹால்ல கேட்ட பியானோ?

– மெலெரி.

– எந்த மெலெரி? அந்த ஊமைக்கொட்டானா? வந்தா ஒரு வணக்கம் கூடச் சொல்லாம மூலையில நிக்குமே, அதுவா?

– அவதான். மாமாகிட்டதான் கத்துக்கறா. நாடகத்துப் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மேடைக்குப் பின்னாடி கறுப்புத் திரை மறைவுல இன்னொரு கீபோர்டு போட்டு அவளை உக்கார வச்சோம். மாமா முன்னாடி வாசிச்சாரு. ஸ்பீக்கர்ல வந்தது மெலெரி வாசிச்சது.

– நான் அழுதேன் காட்ரின். கடைசி நாள் அவன் கையப் பிடிச்சுக்கிட்டு, 'உன் ஆயுசுல நீ இப்படி வாசிச்சதே இல்ல எம்லின்'னு சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால.

– நான் பக்கத்துலதான் இருந்தேன். அவரு சிரிச்சாரு.

– ஊரே எழுந்து நின்னு கை தட்டிச்சு. பூச்செண்டு குடுத்தோம். எல்லாத்தையும் ஒரு சத்தமில்லாத பெட்டி முன்னாடி உக்காந்திருந்தவனுக்குக் குடுத்தோம். அவனோட கீபோர்டை என்ன பண்ணீங்க? அது வாசிச்சா ரெண்டும் மோதியிருக்குமே.

– ஸ்பீக்கருக்குப் போற ஒயரைப் பிடுங்கி வைக்கறதுன்னு பேசினோம். ஆனா முதல் நாள் யாருக்கும் கை வரல. உன் வேலை, என் வேலைன்னு ஒருத்தர ஒருத்தர் தள்ளிட்டிருந்தோம். கடைசியில நான் போய்ப் பாத்தா ஒயர் ஏற்கனவே தரையில கிடந்தது. யாரு பிடுங்கினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கல. எல்லாருக்கும் வெக்கம்.

– ஆண்டவா. இதுக்குத்தான் 'தேன்கூடா'?

– மெலெரியால முடியல ஆன்ட்டி. அந்த மூணு நாளும் அவ சாப்பிடவே இல்ல. மாமா பேரைத் திருடற மாதிரி இருக்குன்னு அழறா. வாரா வாரம் அவருகிட்ட பாடத்துக்கு வேற போகணும். அவரு வீட்டு வாசல் வரைக்கும் போய், உள்ள போகாம திரும்பி வந்துடறா. அதான் யோசிச்சோம். வாத்தியமே இல்லன்னா யாரும் ஒளிய வேணாம். அவருக்குப் பாட்டு எழுதின தாளைப் பாத்தே எந்தக் குரல் எங்க வரணும்னு தெரியும். எங்க வாயைப் பாத்தே சொல்லிக் குடுத்துடுவார். அவரு எப்பவும் போல முன்னாடி நிப்பார், ஊருக்கும் தெரிய வேணாம்னு நெனச்சோம். அவரு மனசு இப்படி உடையும்னு நெனைக்கல.

– நான் வேற உன்னைத் திட்டித் தீத்துட்டேன்.

– பரவாயில்ல ஆன்ட்டி. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த நாய்ச் சத்தத்தை மட்டும் உயிர் போனாலும் சொல்லாதீங்க.

– வரான். மூஞ்சியத் தொடச்சுக்கோ.

– டீ வந்தாச்சு. சர்க்கரை அவங்கவங்க போட்டுக்கோங்க. என்ன இது, ரெண்டு பேரும் பல்லு பிடுங்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?

– ஒண்ணும் இல்ல எம்லின். 'தேன்கூடு' பத்தித்தான் பேசிட்டிருந்தோம். நல்ல நாடகமாத்தான் தெரியுது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

– அப்படியா. நான் அடுப்படியில நின்னு வேற மாதிரி யோசிச்சேன். எனக்கும் ஒரு ஓட்டு இருக்கில்ல?

– இருக்கு மாமா. கட்டாயம் இருக்கு.

– அப்ப என் ஓட்டு 'பனிக்கால சர்க்கஸ்'.

– எம்லின், அதுல ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் பியானோதானே. உனக்கு எதுக்கு இந்த வயசுல அவ்வளவு சிரமம்?

– எனக்கு ஒரு சிரமமும் இல்ல. மெலெரி வாசிக்கட்டும்.

– யாரு?

– மெலெரி. திரைக்குப் பின்னாடி வேணாம். மேடைக்கு முன்னாடி, விளக்கு வெளிச்சத்துல உக்காந்து வாசிக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பக்கம் புரட்டறேன். அதுக்குக் கண்ணு போதும்.

– மாமா.

– அழாத காட்ரின். அழுதா உதடு கோணிக்கும், நீ சொல்றது எனக்குப் புரியாது.

– எம்லின், உனக்குத் தெரியுமா?

– என் காது நெரிஸ், எனக்குத் தெரியாம எங்க போகும். நாப்பது வருஷம் காதுக்குப் பக்கத்துல பல்லு குடையற மிஷின் கத்திச்சு. முதல்ல மேல் சுரமெல்லாம் போச்சு. போன வருஷம் மிச்சமும் போச்சு. டாக்டர் காதுல வைக்கற மிஷின் குடுத்தார். அத வச்சா பாட்டு தகரத்தைத் தேய்க்கற மாதிரி கேக்குது. கழட்டி அலமாரியில போட்டுட்டேன்.

– ஏன் எங்ககிட்ட சொல்லல மாமா?

– சொன்னா பியானோவை விட்டு எழுந்திரிக்கணுமே. எனக்கு எழுந்திரிக்க மனசு வரல. கை தானா போகுது, அதுவே போதும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை ஒப்பாரி வாசிச்சு முடிச்சுக் கண்ணைத் தொறந்தேன். உங்க மூஞ்சியெல்லாம் பாத்தேன். ஒரு சாவு வீட்டுல கூட அப்படி மூஞ்சிகளைப் பாத்ததில்ல. நான் அன்னிக்கு என்ன வாசிச்சேன்னு எனக்குத் தெரியாது. சொல்ல வேணாம்.

– சொல்ல மாட்டேன் மாமா.

– நல்லது.

– மெலெரி பின்னாடி இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?

– முதல் நாளே, ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி, திரை ஒரு சாண் தூக்கி நின்னுது நெரிஸ். கீழ ரெண்டு மஞ்சள் ஷூ, பெடல் மேல. வாரா வாரம் என் வீட்டு வாசல்ல கழட்டி வைக்கற ஷூ. அது எனக்குத் தெரியாதா.

– அப்ப தெரிஞ்சே மூணு நாளும் அங்க உக்காந்து சும்மா கட்டையத் தட்டிட்டிருந்தியா? அத்தனை பேரு முன்னால? நான் வந்து கையப் பிடிச்சப்போ கூட ஒரு வார்த்தை சொல்லாம?

– என் ஒருத்தன் முன்னாடி ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னா பாதியில எழுந்து போற பொண்ணு அது. அன்னிக்கு ஊருக்கே வாசிச்சிட்டிருந்தா. அவ எப்படி வாசிக்கறான்னு எனக்குக் கேக்கல. ஆனா நீங்க பாடற வாயைப் பாத்தேன், முன் வரிசையில உக்காந்தவங்க மூஞ்சியப் பாத்தேன். நல்லா வாசிக்கறான்னு தெரிஞ்சது. நான் எழுந்தா அவ ஓடிப் போயிருப்பா. அதான் உக்காந்திருந்தேன்.

– அவ உங்களைத் திருடிட்டதா நெனைக்கறா மாமா. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். எங்களை மன்னிச்சிடுங்க. அந்த ஒயரைப் பிடுங்கினது யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியல. தெரிஞ்சா இழுத்துட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்தி மன்னிப்புக் கேக்க வைப்பேன்.

– அவங்கள்ல யாரையும் கேக்காத கண்ணு. அந்த மஞ்சள் ஷூவைப் பாத்ததும், ஷூ கயிறு கட்டற மாதிரிக் குனிஞ்சு அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டது நான்தான்.