நேயர் விருப்பப்படி ஒரு மொட்டைக் கடிதம்

அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவன் நான். என் மனைவியே இதற்குச் சாட்சி சொல்வாள், என்னோடு மறுபடி பேச ஆரம்பித்த பிறகு.

தொலைக்காட்சித் தொடருக்குக் கதை வசனம் எழுதுவது என் பிழைப்பு. வாரா வாரம் நேயர்களின் கருத்துகளைக் கட்டாக அனுப்பிவைப்பார்கள். மற்ற எழுத்தாளர்கள் கட்டைப் பிரிப்பதுகூட இல்லை. நான் வரி விடாமல் படிப்பேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு அம்மாள் எழுதியிருந்தார்: "தங்கச்சி கல்யாணம் நின்னு போச்சுங்கறீங்க. வீட்ல எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. கல்யாணம் நின்ன வீட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் இருப்பது மாமனார் வீட்டில். அந்தச் சமயம் பார்த்து மைத்துனிக்கு ஒரு பல் டாக்டரை நிச்சயம் செய்திருந்தார்கள். தங்கமான மனிதர். அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். பெண்ணின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை. முப்பத்திரண்டும் கட்டின பல் என்று மட்டும் எழுதினேன். பல் டாக்டர்தானே, சிரித்துவிட்டுப் போவார், அதற்குள் வீட்டில் நடக்கிற ரகளையைக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனிதர் நம்பிவிட்டார். அவ்வளவு வரிசையான பல்லை அவர் தொழிலிலேயே பார்த்ததில்லையாம். முதல் நாளே சந்தேகம் தட்டியதாம்.

கல்யாணம் நின்றது. மாமனார் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார். மாமியார், "தையல்காரர்கிட்ட யார் சொல்றது?" என்று ஏழு தடவை கேட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்ட மைத்துனி, சாப்பிடும்போது தவிர அதை எடுக்கவே இல்லை. அன்றைக்கு நானும் மறுசோறு கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

காட்சி ஒளிபரப்பான அன்று குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அம்மாவாக நடிப்பவர், "தையல்காரர்கிட்ட யார் சொல்றது?" என்று ஏழாவது தடவை கேட்டபோது, நாலு பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆறோடு நிறுத்தியிருக்கலாம்.

"லெட்டர் போட்டது நீங்கதானா?" என்றாள் மனைவி.

"ஆமா," என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மைத்துனி வாயிலிருந்து கையை எடுத்தாள். "அத்தான், நடந்ததை அப்படியே அவருக்கு எழுதிப் போடுங்க. வந்துடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அன்றைக்கே எழுதினேன். செய்தது நான்தான், பற்கள் அத்தனையும் அசல் என்று கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டியும் விட்டேன். ஆனால் இவ்வளவு பெரிய முடிவை நான் ஒருவனாக எடுப்பது சரியில்லை என்று தோன்றியது. தொடரில் நின்றுபோன கல்யாணத்தை நடத்திவிடலாமா என்று நேயர்களைக் கேட்டோம். நூற்றுக்கு எழுபத்தொரு பேர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள்.

கடிதம் என் பையிலேயே இருக்கிறது. மைத்துனியும் ஓட்டுப் போட்டிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.