ஏரம்பு இருந்த சிங்காசனம்

தலைமைப் பீடத்தை அழகு செய்யும் பெரியவர் தில்லைநாதன் அவர்களே! வெற்றிலைத் தட்டோடு முன்வரிசையை வென்று வைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்த தாய்மார்களே! வாசிகசாலையின் வாலிபச் சிங்கங்களே! வணக்கம்.

"சத்திரியர் யார்?" என்று பேசப் பணித்தீர்கள். நல்லூரில் நந்திக்கொடி பறந்ததைப் பாடவா? வாளேந்திய வீரம் வீழ்ந்ததை எண்ணி வாடவா? நினைக்க நெஞ்சு ஏங்குகிறது! ஆனால் அந்த மன்னர்களை நான் கண்டதில்லை. கண்ட ஒரே மன்னர், நீர்வேலி ஏரம்பு!

என்ன சிரிப்பு? ஓம் ஐயா, வாழைத்தோட்டத்து ஏரம்புதான்! ஊர் அதிகாரியான உடையாரின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர். கூத்திலே மன்னர் வேடம் கட்டியவர். ஆகா, அந்தக் காலத்துக் கூத்து! மத்தளம் முழங்கினால் மண்ணே ஆடும்! இன்று எங்கே அந்த முழக்கம்?

ஒருமுறை ஏரம்பு மன்னராய்ச் சிங்காசனத்தில் இருக்க, அரசவைக் கொலுக் காட்சி நடக்கிறது. நானும் புழுதியில் குந்தியிருக்கிறேன். முன்னுக்குப் பாய் விரித்திருந்தவள் கூலிக்காரி பூரணம். மடியிலே காய்ச்சற்காரப் பிள்ளை. உடையார் பிந்தி வந்தார். அவருடைய ஆள் பாய்ந்து வந்து, "எழும்படி! உடையார் இருக்கவேணும், பின்னாலை போ!" என்று பாயை இழுத்தான்.

ஊர் பார்த்தது, உதடு திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சிங்காசனத்திலிருந்து எழுந்தது ஒரு குரல்:

"நிறுத்துங்கள் மத்தளத்தை! என் கொலுவில் இருக்கும் குடியை எழுப்ப உனக்குக் கட்டளை தந்தவன் எவன்? பெண்ணே, நீ இரு! உடையாரே, இடமுள்ள பக்கம் அமரும்!"

உடையார் அமரவில்லை, திரும்பிப் போனார். விடிந்ததும் ஏரம்புவின் தோட்டமும் போயிற்று. குலை தள்ளிய வாழைகளை விட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார். "தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை வாயை விட்டனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"மன்னன்ரை முடி என்ரை தலையிலையெல்லே இருந்தது, தம்பி? நான் பேசாமல் இருந்திருந்தால் அது வெறும் கடதாசிதானே!"

கேட்டீர்களா? பிறப்பா சத்திரியம்? பட்டமா சத்திரியம்? பறிபோகும் என்று தெரிந்தும் பிறரைக் காத்தாரே, அதுவல்லவா சத்திரியம்!

அந்த மன்னர் இன்று கொடிகாமம் சந்தையில் மூட்டை சுமக்கிறார். "டேய் ஏரம்பு" என்று நேற்றுப் பிறந்தவனும் கூப்பிடுகிறான். எனக்கு வயிறு எரிகிறது! நாளை சந்தைக்குப் போவோரே, அவர் மூட்டையோடு வந்தால் வழி விடுங்கள். நீங்கள் குந்தியிருந்தால் எழுந்து நில்லுங்கள்!

செவி தந்த சபைக்கு நன்றி. எல்லோருக்கும் என் கைகூப்பு.