ஆடாத கை

— இன்னொரு தடவை நடம்மா. கதவுகிட்டருந்து இந்தக் கோடு வரைக்கும். சும்மா, வீட்டுல நடக்கிற மாதிரி.

— வீட்டுல நான் உன் டிராக் பேண்ட்டை மாட்டிக்கிட்டு, உடம்பெல்லாம் மினுமினுன்னு உருண்டை ஒட்டிக்கிட்டா நடக்கிறேன்? சுத்திக் கேமரா வேற. கிறிஸ்மஸ் மரம் தோத்துது போ.

— அம்மா, ப்ளீஸ்.

— சரி, சரி. எம்பொண்ணு ஆன்சி யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றான்னு பங்குக் கோயில்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன் பாரு, எனக்கு வேணும். இந்தா, வந்துட்டேன். போதுமா? ஏன்டி ஸ்கிரீனையே உத்துப் பார்க்கிற?

— வலது கை வலிக்குதாம்மா?

— இல்லையே.

— தோள்பட்டை? மரத்துப் போற மாதிரி? டம்ளர் பிடிக்கிறப்ப நடுக்கம்?

— காலையில இந்தக் கையாலதான் உனக்கு இடியாப்பம் பிழிஞ்சேன். நீயும் வயிறு முட்டத் தின்ன. என்ன விஷயம்?

— இங்க வா, ஸ்கிரீனைப் பாரு. இந்தக் குச்சி உருவம்தான் நீ. இடது கை எப்படி முன்னயும் பின்னயும் வீசுது? இப்ப வலது கையைப் பாரு.

— சும்மா தொங்குது.

— அதான். ஒவ்வொரு தடவையும் இப்படியே.

— அதுக்கென்ன? பட்டாளத்துக்கா ஆள் எடுக்கிற?

— விளையாடாதம்மா. அறுபது தாண்டி நல்லா இருக்கிறவங்க எப்படி நடக்கிறாங்க, நரம்புக் கோளாறு ஆரம்பிக்கிறவங்க எப்படி நடக்கிறாங்க, இதானே என் ஆராய்ச்சியே. கை நடுங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே சிலருக்கு ஒரு பக்கக் கை வீசறது நின்னுடும். உன்னை நல்லா இருக்கிறவங்க வரிசையிலதான் கூப்பிட்டேன்.

— நான் நல்லாத்தான் இருக்கேன்.

— எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. புத்தூர்ல எங்களுக்குத் தெரிஞ்ச நரம்பு டாக்டர் இருக்கார். இப்பவே போன் பண்றேன். இன்னைக்கே பார்த்துடலாம்.

— ஆன்சி, போனை வை.

— பயப்படாதம்மா. சீக்கிரம் கண்டுபிடிச்சா...

— நீதான்டி அழுவுற. நான் எங்க பயந்தேன்?

— அப்பாவுக்கும் இப்படித்தானே விட்டோம். நெஞ்சு எரியுதுன்னார். சோடா வாங்கிக் குடுத்து உட்கார வெச்சோம்.

— மூக்கைத் தொடை. இந்தா, என் கைக்குட்டை. இது நோயில்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும். காலையில நடக்கப் போறப்ப இந்தக் கை வீசறதுக்கு வழியே இல்ல. அதான்.

— பை வெச்சிருப்பியா?

— பை இல்ல.

— குடையா?

— ஆளு.

— என்ன ஆளு?

— கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற ஆளு. ஒரு வருஷமா. இப்ப யாரும் பிடிக்கலைன்னாலும் அது பாட்டுக்கு அப்படியே நிக்குது போல. மாதா மேல சத்தியமா எனக்கே தெரியாதுடி. உன் குச்சிப் பொம்மையைப் பார்த்ததும்தான் திக்குன்னுச்சு. வாய் சொல்லாததை இது சொல்லிடுச்சேன்னு.

— இதுக்குத்தான் வீட்டுப் பக்கத்துல கிரவுண்டு இருந்தும் விடியக்காலையில பஸ் பிடிச்சு ஸ்ரீரங்கத்துக்கு நடக்கப் போறியா?

— பாலத்துக்கு அந்தப் பக்கம் நம்ம பங்கு ஆளுங்க யாரும் வரமாட்டாங்க.

— அம்மா!

— கத்தாத. உத்தர வீதியைச் சுத்துவோம். அவருக்குப் பிரதட்சிணம், எனக்கு நடை. கோயில் எப்பவும் வலப்பக்கம் இருக்கணும்பார். அதனால சுவரை ஒட்டி அவர், அவருக்கு இடப்பக்கம் நான். பாதாள சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தாங்கல்ல, அங்க தடுக்கி விழப் போனேன். பிடிச்சார்.

— பள்ளத்தை மூடி, ரோடு போட்டு எவ்வளவு நாளாச்சு!

— ஆச்சுதான். அவர் விடல. நானும் இழுத்துக்கல.

— பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயாவது சொன்னியா?

— பாவமா இருந்தாத்தானே சொல்றதுக்கு?

— என்கிட்ட?

— தினமும் நினைப்பேன். உங்கப்பா போட்டோவைத் துடைக்கிறப்ப நீ என் மூஞ்சியையே பார்ப்ப. துணியை உதறிட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். அவர்கிட்ட உங்கப்பாவைப் பத்தித்தான்டி நிறையப் பேசுவேன். அவர் போய்ச் சேர்ந்த அவங்க வீட்டம்மாவைப் பத்திச் சொல்லுவார். சில நாள் ஒண்ணுமே பேசாம ரெண்டு சுத்து வந்துடுவோம். அன்னைக்கெல்லாம் மனசு கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

— நான் என்ன சொல்லிடுவேன்னு நினைச்ச?

— அதான் தெரியல. இனிமே சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சோ என்னவோ.

— ஏன்?

— நாலு நாளா அவர் வரல. போன் போட்டா வேலை இருக்குங்கிறார். பேங்க்ல ரிட்டயர் ஆன மனுஷனுக்கு விடியக்காலையில என்ன வேலை? நேத்து மெள்ளச் சொல்றார், "சகாயம், இனிமே நாம சேர்ந்து நடக்க வேணாம். உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்"னு. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது.

— பாரமா? அப்படியா சொன்னார்?

— ம். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தார். நீ ஆள் பத்தலைன்னு புலம்பிக்கிட்டு இருந்தியே, நான்தான் போய் நடந்து குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினேன். உன்னையும் பார்த்த மாதிரி ஆச்சுன்னு சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிக்கிட்டு கிளம்பினார். வந்ததுலருந்துதான் இப்படி.

— இங்க வந்தாரா? அவர் பேர் என்னம்மா?

— பீமராவ்.

— ஐயோ.

— ஏன்டி, அவர்கிட்ட ஏதாவது சொன்னியா?

— அவருக்கு இடது கை ஆடலம்மா, நரம்புக் கோளாறா இருக்கலாம்னு நான்தான் புத்தூருக்கு அனுப்பியிருக்கேன், இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஸ்கேன். எந்திரி, உருண்டையெல்லாம் ஆட்டோவுல பிச்சுக்கலாம், அவர் உள்ள போறதுக்குள்ள நீ போய் அந்தக் கையைப் பிடி.