ஆறு கிலோ இளைத்தவர்

வியட்நாமில், தூ டுக் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"எங்க வீட்டுக்காரர் மூணு நாள்ல ஆறு கிலோ இளைச்சுட்டாருக்கா. மாரியம்மனுக்கு மாலை சாத்திட்டு வர்றேன்."

"ஐசியுல கிடக்கற மனுஷன் இளைச்சதுக்கா மாலை?"

"இளைச்சது அத்தனையும் ட்ரிப்ஸ் தண்ணி, அக்கா. காய்ச்சல்ல பிரஷர் விழுந்ததும் ஏத்துனது. உடம்பே வீங்கிடுச்சு. இதயம் எவ்வளவு திணறுதுன்னு ரத்தத்துலயே ஒரு டெஸ்ட் பாத்தாங்க. தண்ணி ஜாஸ்தின்னு ட்ரிப்ஸை நிறுத்திட்டாங்க. தண்ணி குடுக்காமக் கொல்றீங்களேன்னு நான் சண்டையே போட்டேன்."

"இப்ப?"

"ஏறுன தண்ணியெல்லாம் சிறுநீராப் போயிடுச்சு. விரல்ல மோதிரம் லூசா சுத்துது. மோர் வேணுமாம்."

"குடுக்கலாமா?"

அவள் மடியிலிருந்த மோர் பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

"இன்னைக்கு ரத்த ரிப்போர்ட் வரட்டும். டாக்டர் சரின்னா அவருக்கு, இல்லேன்னா எனக்கு."